இலையிலிருந்து எழுப்பிய கதை

சுதந்திர தினத்தன்னிக்குக் கோயில்ல பொது விருந்து போடுவாங்க. ஆபீசரும் கூலிக்காரனும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும், அதுதான் ஏற்பாடு. செஞ்சிக்குப் பக்கத்துல ஒரு கோயில்ல போன வருஷம் நடந்ததை நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

எங்க நைனா அந்தக் கோயில் நெலத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கியே முதுகு வளைஞ்சவரு. ஒருநாளும் உள்ள கூப்ட்டு ஒருத்தரும் சோறு போட்டதில்ல. "எனக்கெதுக்குடா அந்த வம்பு?"ன்னாரு. நான் விடல. "பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொன்னாங்க? கவர்மெண்டே கூப்புடுது, வா நைனா." சவரம் பண்ணிக்கினு, வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டுக்கினு கெளம்புனாரு. எனக்குப் பெருமை தாங்கல.

மொதப் பந்தியில உக்காரப் போனா, கோயில் ஆளு ஒருத்தன் மறிச்சான். "இது ஆபீசருங்களுக்கு. அடுத்த பந்திக்கு வாங்க." அடப்பாவி, அப்புறம் இன்னாடா பொது விருந்து? நான் சண்டைக்குப் போறதுக்குள்ள போட்டோக்காரர், "ஜனங்கள்ல ஒருத்தர் நடுவுல வேணும்"னாரு. ஒடனே அதே ஆளு நைனா கையப் புடிச்சு இழுத்துக்கினு போயி ஆபீசருங்க நடுவுல உக்கார வெச்சான். வடை, பாயசம், சோறு, சாம்பாரு எல்லாம் எலையில வந்துச்சு. நைனா பிசைஞ்சு ஒரு கவளம் எடுத்தாரு. போட்டோ எடுத்தாங்க.

அந்தக் கவளம் வாய்க்குப் போகல. "பெரியவரே, எழுந்திருங்க. சார் வந்துட்டாரு"ன்றான் அவன். சோத்துல கை வெச்சவரை எழுப்புறதா? பகையாளிகூட அதைச் செய்யமாட்டான்! நைனா அசையல. "சாப்ட்டு எழுந்திருக்கறேன்"னாரு. பின்னால நின்ன நான் திட்டறதுக்கு வாயத் தொறந்துக்கினு திரும்பிப் பாத்தேன். நின்னுக்கினு இருந்தவரு எங்க ஆபீஸ் மேலதிகாரி. என்னைப் பாத்துச் சிரிச்சாரு.

நான் நைனா தோளைத் தொட்டு, "எழுந்திரு நைனா, அடுத்த பந்தியில சாப்டலாம்"னேன். எழுந்தாரு. கை கழுவிக்கினு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டாரு.

மறுநாள் பேப்பர்ல அந்தப் போட்டோ. கவளத்தோட நைனா, மேல 'சமத்துவ விருந்து'ன்னு கொட்டை எழுத்து. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுன மாதிரி இருந்துச்சு. "அந்தக் கோயில் ஆளு மேல பெட்டிஷன் போடாம விடமாட்டேன்"னு வீடே அதிர்ற மாதிரி கத்துனேன்.

நைனா பேப்பரை மடிச்சு என்கிட்ட குடுத்தாரு.

"போடு. உன் பேரையும் சேத்து எழுது. அவன் சொன்னப்ப நான் எழுந்திருக்கல."