மொட்டைக் கழுத்துச் சேவலின் உத்தரவு

என் ஆராய்ச்சிக்கு ஒரு சேவலின் தலையசைப்பு தேவைப்படும் என்று பல்கலைக்கழக விதிமுறைகளில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்ட ஆசை பிடித்தது. கோழியின் மரபணு இழை உயிரணுவுக்குள் எப்படி மடிந்து கிடக்கிறது, வெயிலைத் தாங்குவதற்கும் அந்த மடிப்புக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் தலைப்பு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கணவர் இதைக் ‘கோழி மடிக்கிற படிப்பு’ என்று சுருக்கிச் சொல்வார். நான் கேட்காதது மாதிரி காபி போடப் போய்விடுவேன்.

மின்விசிறிக்கு அடியிலேயே வளரும் பிராய்லரின் ரத்தம் கிடைத்துவிட்டது. வெயிலில் மேயும் சாதாரண நாட்டுக்கோழியின் ரத்தமும் கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது மொட்டைக் கழுத்துக் கோழி. கழுத்தில் இறகே இல்லாமல் பிறக்கும் இனம் அது. உடம்புச் சூடு அந்த வழியாக வெளியேறுவதால், மற்ற கோழிகள் வாயைப் பிளந்து மூச்சிரைக்கும் வெயிலில் இது சாவகாசமாகக் குப்பையைக் கிளறும். கத்திரி வெயில் முடிவதற்குள் அதன் ரத்தம் வந்தாக வேண்டும், தவறினால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான் என்று என் வழிகாட்டி போனில் சொல்லிவிட்டார். அவருக்கு என்ன, ஏசி அறையில் இருந்து சொல்வார்.

செம்பட்டி, சித்தையன்கோட்டை என்று ஸ்கூட்டரில் அலைந்து நான் கறுத்ததுதான் மிச்சம். கடைசியில் வடமதுரைக்குப் பக்கத்தில், கத்திரிக்காய் போட்டிருந்த ஓர் அக்காவின் தோட்டத்தில் அச்சு அசலான ஒரு சேவல் நின்றது. பார்த்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இறக்கைக்கு அடியில் ஊசியால் ஒரு குத்து, நாலு சொட்டு ரத்தம், அவ்வளவுதான் என்றேன்.

“அது நேந்து விட்டது டீச்சர்,” என்றார் அக்கா. “போர்ல தண்ணி விழுந்தா கருப்பசாமிக்குச் சேவல் தாரேன்னு நேந்தேன். தண்ணியும் விழுந்துருச்சு. சாமிக்கு முந்தி நீங்க ரத்தம் எடுத்தா எச்சிப் பண்ணுன மாதிரி ஆயிருமே.”

கோழியைக் குத்தலாம் என்று அனுமதி தரும் குழுவிடம் நான் முறைப்படி அனுமதி வாங்கியிருந்தேன். கருப்பசாமியிடமும் கேட்க வேண்டும் என்று அந்தக் குழுவுக்குத் தோன்றவில்லை. ஆராய்ச்சியை விளக்கினால் அக்கா இளகுவார் என்று நினைத்து, மரபணு என்பது ஒரு நீளமான சேலை மாதிரி, அதை எப்படி மடிக்கிறோமோ அதற்குத் தகுந்த மாதிரிதான் எந்தப் பூ எந்தக் கரையோடு ஒட்டி உட்காரும் என்பதும், அந்த நேரத்தில் எது வேலை செய்யும் என்பதும் மாறும் என்றேன். ரத்தத்தை உடனே ஃபார்மலினில் போட்டால் மடிப்பு கலையாமல் அப்படியே நிற்கும் என்றும் சொன்னேன்.

“சேல மடிக்கவா இம்புட்டுப் படிச்சீக?” என்றார் அக்கா.

இருந்தாலும் அவருக்கு என்மேல் இரக்கம் இருந்தது. சாமியிடமே கேட்டுவிடலாம் என்று சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார். பலி கொடுக்கும்போது தண்ணீர் தெளிப்பார்கள். கிடாயோ சேவலோ தலையையும் உடம்பையும் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதைத் துலுக்குவது என்பார்கள். அக்கா தெளித்தார். சேவல் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. பக்கத்தில் இருந்த சாதாரணச் சேவல்மேல் தவறி ரெண்டு சொட்டுப் பட்டதும் அது உடம்பெல்லாம் உதறியது.

“அது துலுக்கிருச்சே அக்கா.”

“அதக் கேட்டது யாரு?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோழி உதறுவது இறகு நனைவதால்தான், இறகில்லாத கழுத்தில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், இந்தச் சேவல் எந்தக் காலத்திலும் துலுக்காது என்று வகுப்பு எடுத்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்பக் கழுத்துல முடி மொளைக்கட்டும் டீச்சர்,” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில், ஒரு சேவல் தலையாட்ட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். கருப்பசாமி காரியத்துக்கு மாதாவை இழுத்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்ல வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை.

கத்திரி வெயில் முடிவதற்குச் சற்று முன்னால் கருப்பசாமி கோவில் கும்பிடு வந்தது. சாமிக்குப் பலி கொடுத்தபின் எச்சில் பேச்சுக்கு இடமில்லையே என்று ஐஸ் பெட்டியோடு போனேன். ஒரு பெரியவர் பெட்டியைத் தட்டி, “பால் ஐஸா, சேமியா ஐஸா?” என்று கேட்டார். ரெண்டும் தீர்ந்துவிட்டது என்றேன். விளக்குவதற்குத் தெம்பில்லை.

பூசாரி தண்ணீர் தெளித்தார். சேவல் கண்ணை மூடிக்கொண்டது. மறுபடி தெளித்தார். அது லேசாகத் தூங்கியதோ என்று கூட எனக்குச் சந்தேகம். சொம்பு மாற்றிச் சொம்பு வந்தது. கூட்டம் முணுமுணுத்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. சாமி கோபித்துப் போர்க் கிணற்றில் தண்ணீர் நின்றுவிட்டால் கத்திரிச் செடி என்ன ஆகும் என்று அவருக்குப் பயம். அதுவரை எனக்கு வேண்டிய ரத்தத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நான், ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“சாமி இத ஏத்துக்கல. வேற கொண்டா,” என்றார் பூசாரி.

சாதாரணச் சேவலைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் முழுதாக விழுவதற்குள் அது துலுக்கிவிட்டது. அந்த வகை ரத்தம் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. பலியான சேவலின் கறி மதியச் சோற்றுக்கு வெஞ்சனமாக வந்தது. ரொம்பவும் ருசியாக இருந்தது.

சாப்பிட்ட கையோடு அக்கா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது. நல்ல உச்சி வெயில். “சாமியே வேணாம்ட்டாரு. இனிமே எச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல. குத்திக்கங்க,” என்று சேவலை மடியில் வைத்து இறக்கையை விரித்துப் பிடித்தார். “அம்புட்டுப் பேரு முன்னால அசையாம நின்னு பொழச்சுக்கிட்டான் பாருங்க,” என்று அதன் மொட்டைக் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

குத்தினேன். நாலு சொட்டு ரத்தம் ஃபார்மலின் குழாய்க்குள் இறங்கியது. மூடியைத் திருகி ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

அப்போதுதான் சேவல் கண்ணைத் திறந்தது. கழுத்தை நீட்டி, கொண்டையிலிருந்து வால்வரை உடம்பை ஓர் உதறு உதறியது. பூசாரி அத்தனை சொம்புத் தண்ணீரிலும் வாங்க முடியாத துலுக்கு.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேலிக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் பூசாரி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா சட்டென்று சேவலை முந்தானையால் மூடினார்.

“நீங்களும் பாக்கல டீச்சர்,” என்றார் மெதுவாக. “நானும் பாக்கல.”