சிவப்பு டின், பச்சை டின், ஒரு சிட்டிகை திருநீறு

ஒரு பஸ் இஞ்சினைத் திருநீறு போட்டே தீர்த்தவன் நான். இதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஓர் இரும்பு மூடி வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும், இஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் வாயை மூடுவது. வருகிறவர்கள் ஏதோ பழம்பொருள் என்று மரியாதையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதன் மரையிடுக்கில் இன்னும் கொஞ்சம் சாம்பல் நிறம் இருக்கிறது. ஊசியால் சுரண்டியும் போகவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். கம்பெனி என்றால் ஆறு பஸ், ஒரு தகரக் கொட்டகை, ஓர் அரிமளத்து முதலாளி. இஞ்சின்களைப் பார்த்துக்கொண்டவர் மீமிசல்காரரான மெக்கானிக் பாய். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. ஓடுகிற இஞ்சின்மேல் ஸ்பானரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு "மூணாவது சிலிண்டர்" என்பார். பிரித்தால் மூன்றாவதாகத்தான் இருக்கும். எனக்கு இது பிடிக்காது. அச்சில் வராத எதையும் நம்பாத வயது எனக்கு.

அப்போது ஓர் ஆங்கிலக் கையேடு கிடைத்தது. எண்ணெய் விற்கிற கம்பெனி ஒன்று விளம்பரத்துக்காக அச்சிட்டது. அதில் சிவப்பு டின் எண்ணெய் ஊற்றிய பிஸ்டன் கண்ணாடிபோல மின்னியது. 'மற்ற எண்ணெய்' ஊற்றிய பிஸ்டன் எலி கடித்த கருவாடுபோல இருந்தது. இரண்டு படத்தையும் போட்டது விற்கிறவனேதான் என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது. நாங்கள் ஊற்றிக்கொண்டிருந்தது பச்சை டின். அது இஞ்சின்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்று முதலாளியிடம் ஒரு மணி நேரம் பேசினேன்.

பாய் பழந்துணியில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டும் ஒரே கனத்து எண்ணெய்தான் முதலாளி. டின்னுல அடிச்ச வர்ணம் இஞ்சினுக்குத் தெரியாது. காலத்துல மாத்தணும், தூசி போகாமப் பாக்கணும், அம்புட்டுத்தான்."

"அப்ப புஸ்தகத்துல போட்டிருக்கிறது பொய்யா பாய்?"

"நான் படிக்கலைங்க கிளார்க்கு சார். இஞ்சினும் படிக்கலை."

கொட்டகையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அன்றே சோதனை முடிவாயிற்று. மீமிசல் தடத்தில் ஓடிய இரண்டு பஸ்களுக்கும் அந்த மாதம்தான் இஞ்சின் இறக்கி வேலை பார்த்திருந்தது. ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை. ஆறு மாதம் ஓடிய பிறகு பிரித்துப் பார்ப்பது. "மயிரிழை வித்தியாசம் இருந்தா ஸ்பானரை ஒங்க மேசையில வச்சிட்டு ஊருக்குப் போயிடுறேன்" என்றார் பாய். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. முதலாளியும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆறு மாதமும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதிவேட்டில் ஒரு வரி எழுதுவேன், எழுந்து வாசலுக்குப் போவேன். தூரத்தில் ஹாரன் கேட்டால் சிவப்பு வண்டியா, பச்சை வண்டியா என்று கழுத்தை நீட்டுவேன். காலையில் முதல் ஓட்டம் கிளம்புமுன் சிவப்பு வண்டியின் பானட்டைத் தூக்கி, மூடியைத் திருகி எண்ணெயைப் பார்ப்பேன். என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். எண்ணெய் கறுப்பாக இருக்கும், மூடிவிடுவேன். கண்டக்டர் ஆவுடையார்கோவிலிலிருந்து திருநீறு கொண்டுவருவார். பகுத்தறிவும் விஞ்ஞானமும் பேசிய நான், ஒரு வெள்ளிக்கிழமை யாரும் பார்க்காதபோது அந்த மூடியின்மேல் மூன்று விரலால் பூசினேன். பிறகு தினமும்; விரலில் மிஞ்சியதை என் நெற்றியிலும் இட்டுக்கொள்வேன். பூசிய மூடியைத் தினமும் திறந்தேன் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மூன்றாவது மாதம் சிவப்பு வண்டி லேசாக நீலப் புகை விட்டது. பயத்தில் திருநீற்றைக் கூட்டினேன். புகையும் கூடியது. கடைசியில் எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து ஒரு சிட்டிகை உள்ளேயே போட்டுவிட்டேன். அதுவும் தினப்படி வழக்கமாயிற்று.

பிரித்த அன்று காலை முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பச்சை வண்டியின் சிலிண்டர் வழவழப்பாக இருந்தது. சிவப்பு வண்டியில் விரலை விட்டால் படிக்கட்டு மாதிரி தேய்மானம் தட்டியது. நான் தோற்றேன். ஆனால் முதலாளி திரும்பியது பாய் பக்கம்.

"என்ன பாய், வித்தியாசமே வராதுன்னீக. மலையாட்டம் வந்திருக்கே?"

பாய் குனிந்து, எண்ணெய்த் தொட்டியின் அடியில் கிடந்த கசடை விரலில் எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். மூடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஸ்பானர்களை மண்ணெண்ணெயில் கழுவி ஒவ்வொன்றாக முதலாளி மேசையில் அடுக்கத் தொடங்கினார்.

அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதே எனக்கு உறைத்தது. மூன்று பட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற முதலாளியிடம், திருநீறுதான் தேய்த்தது என்று ஒரு பாய் எந்த வாயால் சொல்வார்? நான் சொல்லலாம். நானோ தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினேன். மறுபடி தண்ணீர். நாலாவது தடவை பானை காலி. பாய் கடைசி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதலாளி நம்பவில்லை. "திருநீறு இஞ்சினைக் கெடுக்குமா? சும்மா இருங்க தம்பி. ஏன் பாய், நீங்க சொல்லுங்க."

"அது நல்ல சாமான் முதலாளி" என்றார் பாய். "இருக்க வேண்டிய எடம் நெத்தி."

முதலாளி வெகுநேரம் தன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பானர்களைப் பாய் பக்கம் தள்ளினார். நான் இனி எந்த பானட்டையும் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று.

இப்போது எனக்கே ஒரு கார் இருக்கிறது. எண்ணெய் மாற்றப் போனால் கடையில் வரிசையாக டின்கள். கடைக்காரர் "எது சார்?" என்கிறார். கால் மாற்றிக் கால் நிற்கிறேன். இத்தனை வயதிலும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு இருந்தது, அதை நான்தான் கெடுத்தேன். வீட்டுக்கு வந்தால் மேசையில் அந்த மூடி. அந்த இஞ்சினுக்கு வேறு மூடி போட்ட அன்று, பழையதைப் பாய் ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். முகத்தில் கோபமே இல்லை. உண்மையான வருத்தம்தான் இருந்தது.

"படிச்சவுக நீங்க. போட்டதுதான் போட்டீங்க, அந்தப் பச்சை வண்டியிலயும் ஒரு சிட்டிகை போட்டிருந்தா, எது நல்ல எண்ணெய்னாச்சும் தெரிஞ்சிருக்குமே, கிளார்க்கு சார்."