முனியம்மாவின் போன்

ராமகுப்பம் டீக்கடை, காலை ஏழு மணி. கேஸ் விலையில் தொடங்கிய பேச்சு யானையில் வந்து நிற்கிறது. ஏரிக்கரையில் ஒற்றை யானை நிற்பதாகப் போனில் ஊர் குரூப்பில் செய்தி வந்திருக்கிறது. பட்டுப்புழு வளர்க்கும் முனியம்மா மட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு எழுகிறார்.

“இன்னைக்கே மல்பெரி இலை அறுக்கணுமா?” என்கிறேன்.

“புழு ராவெல்லாம் துன்னுக்கினே கீது சார். யானை போறவரைக்கும் அது பட்னி கெடக்குமா?”

தோட்டத்தில் மணியடித்தால் யானைக்குக் கேட்டுவிடும் என்று போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போகிறார். இங்கே எல்லாரும் அப்படித்தானாம்.

நான் பாதி டீ குடிப்பதற்குள் எல்லார் போனிலும் அடுத்த செய்தி: யானை முனியம்மா தோட்டத்துப் பக்கம் திரும்பிவிட்டது. கடைக்காரர் பதறிப்போய் அவருக்குப் போன் போடுகிறார்.

கல்லாப்பெட்டி மேல் மணியடிக்கிறது.