கழுத்தளவுத் தண்ணீரில் கோ-கோ

புளிப்பத்தும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் ஒரு வாசனை வரும். நல்ல வாசனை என்று சொல்ல முடியாது. ரசம் பொங்கி வழிந்த அடுப்பைக் காட்டமான மருந்து போட்டு யாரோ கழுவிவிட்டது போல மூக்கில் ஏறும். உலகத்தில் என்னையும் இன்னும் சில பெண்களையும் தவிர அந்த வாசனையை அறிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அதை நினைத்துக்கொண்டால் போதும், எங்கே இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அப்போது நான் சைதாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் கோ-கோ அணியில் இருந்தேன். அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எட்டுப் பேர் ஒரே வரிசையில், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தும் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்தும் குந்தியிருப்பார்கள். ஒன்பதாவது ஆள் எதிரணிக்காரிகளைத் துரத்துவாள். துரத்துகிறவள் திரும்பி ஓடக் கூடாது, வரிசைக்கு நடுவில் புகுந்து போகவும் கூடாது. களைத்துவிட்டாலோ எதிரி அந்தப் பக்கம் ஓடிவிட்டாலோ, குந்தியிருக்கும் தன் ஆளின் முதுகைத் தொட்டு "கோ!" என்று கத்த வேண்டும். உடனே அவள் எழுந்து துரத்துவாள், இவள் அவளுடைய சதுரத்தில் குந்திக்கொள்வாள். அந்த "கோ" நடுவர் காதில் விழாவிட்டால் ஃபவுல்.

எனக்கு ஓட்டம் வந்தது. "கோ" வரவில்லை. வகுப்பில் வருகைப் பதிவின்போது "உள்ளேன் டீச்சர்" சொல்வதற்கே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அதனால் பாதி நாள் டீச்சர் என்னை வரவில்லை என்று போட்டுவிட்டு, பிறகு பக்கத்துப் பெண் சொல்லித் திருத்துவார். மைதானத்திலும் அதே கதைதான். முதுகைத் தொடுவேன், வாய் திறக்கும், காற்று மட்டும் வரும். எங்கள் டிரில் மிஸ் தலையில் அடித்துக்கொள்வார். "உனக்கு காலு ரெண்டும் நல்லா பேசுதுடி, வாய்தான் பேச மாட்டேங்குது!" என்பார்.

இருந்தாலும் என்னை அணியை விட்டு எடுக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. அந்த வரிசையில் மட்டும் எனக்கென்று ஒரு சதுரம் சுண்ணாம்பில் போட்டிருந்தது. அது என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே பள்ளிக்கூடம் போனேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்தச் சதுரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஜோனல் போட்டிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லாத சமயத்தில், வரிசையின் கோடியில் நடப்பட்டிருந்த கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் திரும்பும்போது வலது கணுக்கால் மடங்கிவிட்டது. வீட்டுக்குப் போவதற்குள் போண்டா மாதிரி உப்பிவிட்டது. அம்மா புளியையும் உப்பையும் கரைத்துக் காய்ச்சிச் சூடாகப் பத்துப் போட்டார். இரட்டைப் பிள்ளை பெற்றவர் வழித்துவிட்டால் சுளுக்கு இறங்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. எதிர்வீட்டு அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்பதால் அவரைக் கூட்டிவந்தார்கள். அவர் நல்லெண்ணெய் விட்டு வழித்த வழியில் நான் போட்ட சத்தத்தை டிரில் மிஸ் கேட்டிருந்தால், அன்றைக்கே எனக்குக் கேப்டன் பதவி கொடுத்திருப்பார். கடைசியில் தெருமுனை டாக்டரிடம் போனோம். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "எலும்புக்கு ஒண்ணும் இல்ல, ஜவ்வு இழுத்துக்கிச்சு. ஓடக் கூடாது. முடிஞ்சா இடுப்பளவு தண்ணியில நடக்கட்டும், கால்மேல பாரம் விழாது" என்றார்.

"தண்ணியிலயா? நீர் கோத்துக்கும்!" என்றார் அம்மா.

டிரில் மிஸ்ஸிடம் போய் நின்றேன். "காலு சரியாயி வா, பார்க்கலாம். ஆனா இந்த வாட்டி கோ-வும் காதுல விழணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் வேற பொண்ணைப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார். நான் தலையை ஆட்டினேன். அதற்கும் சத்தம் வரவில்லை.

என்னைத் தண்ணீருக்குக் கூட்டிப்போனவர் என் அத்தை. அப்பாவின் தங்கை, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலை. அடையாற்றில் அப்போது இருந்த ஒரு நீச்சல் குளத்தில், பெண்களுக்கென்று காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதை "லேடீஸ் பேட்ச்" என்பார்கள். அதில் அத்தை சேர்ந்திருந்தார். எதற்கு என்று கேட்டால், "கடலுக்குப் பக்கத்துல பொறந்துட்டு கால் நனைக்கிறதோட நிக்கிறது அசிங்கமா இல்ல?" என்பார். சேர்ந்து பல வாரமாகியும் குளத்தோரக் கம்பியை விட்டுக் கையை எடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார். "டாக்டரே சொல்லிட்டாரு அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று அம்மாவைச் சரிக்கட்டி, ஒரு காலையில் என்னைப் பஸ் ஏற்றினார்.

அம்மாவோ முந்தின இரவு போட்ட பத்து நன்றாகக் காய்ந்து பிடித்திருக்கிறது, அதை எடுக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் அதோடு அப்படியே தண்ணீரில் இறங்கினேன். பிளீச்சிங் பவுடர் போட்டு நீலமாக இருந்த குளத்தில் என் காலைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் கிளம்பிப் பரவ ஆரம்பித்தது. குளத்துக் காவலுக்கு இருந்த அக்கா கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதை அன்றைக்கு அவர் ஊதிய ஊதலில் தகரக் கூரையே அதிர்ந்தது.

"இன்னாம்மா இது! யாரு தண்ணியில ரசம் கரைச்சிக்கினு கீறது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியே தண்ணீருக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் கேலியைவிடக் குஷிதான் அதிகம். என்னைக் கரையேற்றி, காலைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் இறக்கிவிட்டார்கள். அன்றோடு என் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. "ரசம் வந்தாச்சா?" "ரசம், அந்தச் சோப்பை எடு." அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் இருவரை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒருவர், மயிலாப்பூரிலிருந்து முழங்கால் வலிக்காக வரும் மாமி. நைட்டி, புடவைக்கெல்லாம் அனுமதி இல்லையென்பதால், பேத்தியின் சுடிதார் பேண்டும் மாமாவின் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு இறங்குவார். சட்டைக்குள் காற்றுப் புகுந்து முதுகில் பெரிய பூசணிக்காய் மாதிரி எழும்பும்; அதை அடித்து அடித்து அமுக்கிக்கொண்டே நடப்பார். தண்ணீர் புகாமல் இருக்க இரண்டு காதிலும் பஞ்சு. இன்னொருவர் நூர் அக்கா. தி.நகரில் வளையல் கடை வைத்திருந்த குடும்பம். வீட்டில் உருது, வெளியில் எங்களைப் போலவே தமிழ். தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி, முழுக்கைச் சல்வார், கண்ணில் மை அழியாமல் நீந்திவிடுவார்.

நான் முதல் சில நாள் சுவரோரமாகவே போய் வந்துகொண்டிருந்தேன். மாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி கொழந்தே, இப்படி நடந்துண்டே இருக்கியே, இதை ஆத்துக் கூடத்துல நடந்தா துணியாவது நனையாதோன்னோ?"

அத்தைதான் கம்பியைப் பிடித்தபடியே என் கதையை எல்லாம் சொன்னார்: கால், போட்டி, டிரில் மிஸ், அந்தச் சதுரம்.

"அரே, கோ-கோவா?" என்று நூர் அக்கா நிமிர்ந்தார். "நான் எட்டாவது வரைக்கும் ஆடிகீறேன்! அப்புறம் வுட்டுட்டேன். வாங்க வாங்க, எல்லாரும் வரிசையா நில்லுங்கோ!"

தண்ணீரில் குந்த முடியாது. முட்டியை மடித்துக் கழுத்தளவுக்கு இறங்கினார்கள். இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை. கம்பியை விடாமல் கோடியில் நின்ற அத்தையே எங்களுக்குக் கம்பம். பெரியவர்களுக்கு மார்பளவும் எனக்குக் கழுத்தளவுமான தண்ணீரில் ஓடுவது கனவில் ஓடுவது போலத்தான். எவ்வளவு தள்ளினாலும் இருந்த இடத்திலேயே இருப்போம். ஆனால் கணுக்கால் வலிக்கவில்லை. மடங்கினாலும் தண்ணீர் தாங்கிக்கொண்டது. நான் நூர் அக்காவைத் துரத்தினேன். அவர் வரிசைக்கு அந்தப் பக்கம் நழுவினார். நான் மாமியின் பூசணிக்காய் முதுகைத் தொட்டு, வழக்கம்போல வாய்க்குள் "கோ" என்றேன்.

மாமி அசையவில்லை. மறுபடியும் தொட்டேன், மறுபடியும் சொன்னேன். அவர் பாட்டுக்கு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமி, எழுந்திருங்கோ! அது தொட்டாச்சே!" என்று நூர் அக்கா கத்தினார்.

"தொட்டா போறுமா? சொல்லணும்னேளே! காதுல பஞ்சு வெச்சிண்டிருக்கேன்டி, சத்தமாச் சொன்னாத்தான் எழுந்துப்பேன். ரூல்னா ரூல்!"

சுற்றிலும் பார்த்தேன். தண்ணீர் அடிக்கும் சத்தம், கூரையில் எதிரொலி, அந்தக் கோடியில் யாரோ கூச்சல், விசில். என்னை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழே நான் இருந்தேனா என்றே யாருக்கும் தெரியாது. தலை மட்டும் மிதந்துகொண்டிருக்கும் ஒருத்திக்குக் கூச்சம் எங்கேயிருந்து வரும் என்று எனக்கே தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

மாமி துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒரு வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஐயய்யோ, பகவானே!" என்று இருமிக்கொண்டே நூர் அக்காவைத் துரத்த ஆரம்பித்தார். முழங்கால் வலியை அன்றைக்கு எங்கே வைத்துவிட்டு வந்தாரோ தெரியவில்லை.

பிறகு தினமும் அதுதான். விசில் அக்கா முதலில் முறைத்தார், பிறகு அவரே நடுவராகி, "ஏய் ரசம், ஃபவுல்! எனக்குக் கேக்கல" என்று கரையிலிருந்து அதட்ட ஆரம்பித்தார். சட்டைக்குள் காற்றுப் புகுந்தவர்கள் குந்த முடியாமல் மேலே மேலே வந்தார்கள். நடுவில் நூர் அக்கா என்னைக் கையில் தாங்கி மிதக்கவிட்டுப் பார்த்ததில் எனக்கு ஓரளவு நீச்சலும் வந்துவிட்டது. அத்தைக்கு வரவில்லை. கம்பம் நகரக் கூடாது என்பது அவருக்கு நல்ல சாக்காகிவிட்டது.

போட்டிக்குச் சில நாள் முன்பு டிரில் மிஸ் கணுக்காலுக்குப் பட்டை சுற்றி என்னை ஓடவிட்டுப் பார்த்தார். நேராக ஓடினேன், கம்பத்தில் திரும்பும்போது மட்டும் தயக்கம் இருந்தது. ஒரு முதுகைத் தொட்டு "கோ" சொன்னேன். மிஸ் கையிலிருந்த நோட்டைக் கீழே போட்டுவிட்டார். "கால் முக்காவாசிதான் வந்திருக்கு. ஆனா வாய் வந்துருச்சே!" என்று சொல்லி, என்னை வெளியே காத்திருக்கும் ஆட்களில் ஒருத்தியாகச் சேர்த்தார். சதுரம் பாதி கிடைத்த மாதிரி.

போட்டி நடந்த மைதானத்தில் இரண்டு கோ-கோ ஆட்டம் பக்கத்துப் பக்கத்தில் நடந்தது. எங்கள் ஆட்டத்தின் பின்பாதியில் ஒருத்திக்கு மூச்சு வாங்க, மிஸ் என்னை உள்ளே அனுப்பினார். நான் துரத்தத் தொடங்கியதுமே வேலியோரத்திலிருந்து "ரசம்! ரசம்!" என்று கூச்சல். பார்த்தால், புர்க்காவில் நூர் அக்கா, மடிசாரில் மாமி, சீருடைப் புடவையோடு கடையிலிருந்து ஓடிவந்த அத்தை. இங்கே சாப்பாடு ஏதும் போடுகிறார்களா என்று ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். மாமி அன்றைக்கும் காதில் பஞ்சு வைத்திருந்தார்.

எதிரணிப் பெண் வரிசைக்கு அந்தப் பக்கம் தாண்டினாள். எங்கள் கேப்டனின் முதுகைத் தொட்டேன். வேலியோரம் நிற்கும் மாமிக்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"கோ!"

கேப்டன் எழுந்தாள். கூடவே, பக்கத்து ஆட்டத்தில் குந்தியிருந்த சிவப்பு ரிப்பன் பெண்ணும் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம். அவர்கள் நடுவர் ஃபவுல் ஊத, அந்த வேடிக்கையில் எங்கள் எதிரணிப் பெண் ஒரு கணம் நின்று பார்க்க, கேப்டன் அவளைத் தொட்டுவிட்டாள். சிவப்பு ரிப்பன் பெண்ணின் டீச்சர் சண்டைக்கு வந்தார்: "உங்க பொண்ணு இன்னா மிஸ், இந்தக் கத்து கத்துது?"

எங்கள் மிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கோ-ன்னா காதுல விழணும் மிஸ். ரூல்னா ரூல்" என்றார். மாமியும் அவரும் அதுவரை சந்தித்ததே இல்லை.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். அடுத்ததில் நன்றாகத் தோற்றோம். அடுத்த திங்கட்கிழமை பள்ளி மைதானத்துக்குப் போனபோது, வரிசையில் என் சதுரம் காலியாக இருந்தது. போய்க் குந்திக்கொண்டேன்.

அதோடு என் கூச்சம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. இப்போது தரமணியில் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை பார்க்கிறேன். மீட்டிங்கில் எதையாவது கேட்டால் இன்றும் உள்ளங்கை வேர்க்கிறது. இறங்க வேண்டிய ஸ்டாப்பில் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்ததும் உண்டு. போன மாதம் அப்படி இறங்கிய இடத்தில்தான் அதே வலது கணுக்கால் மறுபடி மடங்கியது. தண்ணீரில் நடக்கச் சொன்னார்கள், இந்த முறையும்.

அந்தப் பழைய குளம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மாமி காலமாகி வெகுநாளாகிறது. நூர் அக்கா மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. கோ-கோவை இப்போது மெத்தை விரித்து ஆடுகிறார்கள், டிவியில் காட்டுகிறார்கள். அத்தை மட்டும் அதே அடையாற்றில் இருக்கிறார், மகளின் அடுக்குமாடி வீட்டில். அங்கே கீழே ஒரு சின்னக் குளம். நீந்துகிறவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, அவரவர் கோட்டுக்குள் நீந்திப் போய் வந்து, துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுவரில் "சத்தம் போடக் கூடாது" என்று ஒரு பலகை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தேன். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அதை விட்டபாடில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கழுத்துவரை தண்ணீரில் இறங்கி, அசையாமல் நின்றார்.

"என்ன அத்தை?" என்றேன் மெதுவாக.

பக்கத்தில் போய் முதுகைத் தொட்டேன். அசையவில்லை. பலகையை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன், பிறகு கத்தினேன்.

மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அந்தக் கோடியில் நீந்திக்கொண்டிருந்த பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றாள். வாசலிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"இன்னா மேடம், யாராவது முழுகிட்டாங்களா?"

அத்தை தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்து நின்றார். அவருடைய இரண்டு கையும் கம்பியில் இல்லை.

"ஒண்ணும் இல்ல தம்பி," என்றார். "நான் எழுந்துக்கணும்ல, அதுக்குத்தான்."