மூன்று காம்புப் பாலும் உறையாத தயிரும்

1989. ராஜபாளையத்தில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். எங்கள் தெருவுக்கு வன்னியம்பட்டியிலிருந்து ஓர் அக்கா பால் ஊற்றுவார். திடீரென்று ஒரு வாரம் யார் வீட்டிலும் தயிர் உறையவில்லை. எவ்வளவு உறை ஊற்றினாலும் காலையில் பால் பாலாகவே இருந்தது.

தெரு சும்மா இருக்குமா? அக்கா எதையோ கலக்குகிறார் என்று முடிவுகட்டி, நாலைந்து வீடுகள் பாலை நிறுத்திவிட்டன. என் அம்மா வாசலில் வைத்தே கேட்டுவிட்டார்.

“சத்தியமா ஒண்ணுங் கலக்கலை மதினி. ஒரு மாட்டுக்கு மடி வீங்கிப்போச்சு. தொடையில பென்சிலின் ஊசி போட்டாவ. வீங்குன காம்புப் பாலைக் கீழ ஊத்திட்டு மத்த மூணு காம்புலதான் கறக்கேன். இப்படியே போனா மாட்டை வித்துருவோம்னு வீட்டுல சொல்லுதாவ.” அவர் கண் கலங்கிவிட்டது.

பென்சிலின் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாரம்தான் வகுப்பில் பென்சிலினின் உயிர்நாடியான பீட்டா-லாக்டம் பாடம் நடந்திருந்தது. மூன்று கார்பன், ஒரு நைட்ரஜன், நாலும் நெருக்கியடித்து நிற்கும் சதுர வளையம். எப்போது உடையலாம் என்றே இருக்கும். பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் நொதியில் போய் உடைந்து ஒட்டிக்கொள்ளும். சுவர் இல்லாமல் பாக்டீரியா செத்துப்போகும். பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதானே! தொடையில் போட்ட ஊசி ரத்தத்தோடு நாலு காம்புக்கும் போகும், காய்ச்சினாலும் முழுசாக அழியாது. மூச்சுவிடாமல் அம்மாவிடம் சொன்னேன்.

“ஏட்டி, காலேஜ்ல படிச்சதையெல்லாம் கொண்டாந்து தயிர்ச்சட்டியில போடாத” என்றார்.

நான் விடவில்லை. அக்காவிடம் இரண்டு மாடு, இரண்டின் பாலையும் ஒன்றாகக் கலந்துதான் தெருவுக்கு ஊற்றுவார். மறுநாள் சாயங்காலம் தனித்தனியாகக் கறந்துவரச் சொன்னேன். இரண்டு பாலையும் காய்ச்சி ஆறவைத்து, இரண்டு டம்ளரில் ஒரே உறையை ஊற்றி மூடினேன். விடிந்ததும் விடியாததுமாக ஓடிப்போய்த் திறந்தால், ஒன்றில் கெட்டித் தயிர். ஊசி போட்ட மாட்டுப் பால் தளும்பிக்கொண்டிருந்தது. குதிக்காத குறைதான். தலைகூட வாராமல் இரண்டு டம்ளரையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்டினேன். என் பேச்சு எத்தனை பேருக்குப் புரிந்ததோ, டம்ளர் எல்லோருக்கும் புரிந்தது.

அக்கா வந்ததும் அம்மா வாசலுக்குப் போனார். “எம்புட்டோ பேசிட்டேன் தாயி, மனசுல வச்சுக்கிடாத” என்று பாத்திரத்தை நீட்டினார். அக்கா வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே ஊற்றினார். மாட்டு டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன நாள்வரை அந்த ஒரு மாட்டுப் பாலை மட்டும் விலக்கிவைத்தார். பாலை நிறுத்திய வீடுகள் திரும்ப வாங்கின, மாட்டையும் விற்கவில்லை.

படித்த வேதியியலில் பாதி மறந்துபோனது. ஆனால் ஒருத்தி சொன்னது உண்மை என்று தெருவுக்கே காட்ட அது கைகொடுத்த அந்தக் காலையை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.