சனிக்கிழமைகளில் வளர்ந்த பெண்

நாற்பத்திரண்டாம் வருஷம், ஜப்பான்காரன் சென்னைப் பட்டணத்தின் மேல் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டியபோது, நானும் என் மனைவியையும் நாற்பது நாள் பெண் குழந்தையையும் கொண்டுபோய்த் திருத்தணியில் வைத்தேன். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் பக்தி ஒன்றும் இல்லை. மலையடிவாரத்தில் பாதி வீடு வாடகைக்கு இருப்பதாக ஆபீஸில் ஒருவர் சொன்னார். ஜப்பான்காரனுக்குத் திருத்தணி தெரிந்திருக்க நியாயமில்லை என்று நானாக முடிவு செய்தேன். என் யுத்த ஞானம் அவ்வளவுதான்.

மறுபாதியில் வீட்டின் சொந்தக்கார அம்மாள் இருந்தார். மிஷன் பள்ளியில் வாத்தியார் வேலை. ஊரில் எல்லாருக்கும் டீச்சரம்மா. ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சு. அவரைப் பார்த்தால் நான் வாய்ப்பாடு மறந்த பையனைப் போல ஆகிவிடுவேன்.

கம்பெனி பட்டணத்தை விட்டு நகரவில்லை. ஆகையால் நானும் நகரவில்லை. சனிக்கிழமை பகல் ஆபீஸ் முடிந்ததும் ரயிலேறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, பொழுது சாய்வதற்குள் திருத்தணி போய்ச் சேருவேன். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. பிறப்பதற்கு முன்பே மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் குழந்தை வளர்ப்பைப் பற்றி இரண்டு இங்கிலீஷ் புத்தகங்கள் வாங்கி, பென்சிலால் கோடு போட்டுப் படித்து வைத்திருந்தேன். தகப்பன் முகத்தைக் கண்டால் குழந்தை சிரிக்கும் என்று அதில் ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. என் பெண் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை வாசலில் என் தலை தெரிந்ததும் ஓவென்று அழுவாள். ஞாயிறு மத்தியானத்துக்குள் அழுகை நிற்கும். சாயங்காலம் என் விரலைப் பிடித்துக்கொள்வாள். அப்போது எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிடும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பம்.

நாலாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, "பாப்பா திங்கக்கெழம குப்புற கவுந்துட்டா!" என்று மனைவி ஆசையாகச் சொன்னாள். சந்தோஷப்பட வேண்டிய நான், "எல்லாம் ஊரார் பார்த்து முடித்த பிறகு எனக்கு எதற்குச் சொல்கிறாய்? நான் வாரத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளிதானே!" என்றேன். அதோடு விட்டேனா? இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். இதைப்போல் அற்பத்துக்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் கலையில் நான் அப்போது கைதேர்ந்தவன்.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடக்கத் தொடங்கியது. என் பெண் எதைப் புதிதாகச் செய்தாலும் சனிக்கிழமை சாயங்காலம், என் கண் எதிரேதான் செய்வாள். தரையில் நீந்தத் தொடங்கியது சனிக்கிழமை. கையை ஊன்றித் தானாக உட்கார்ந்தது சனிக்கிழமை. ஒருநாள் மனைவி என் கையில் ஒரு வெள்ளிக் கிண்ணியைக் கொடுத்து, "தண்ணி குடுங்க பாக்கலாம்" என்றாள். கிண்ணியின் விளிம்பில் 'டிக்' என்று சத்தம். முதல் பல்! கண்டுபிடித்தவன் நான்! புதிய கண்டத்தைக் கண்ட மாலுமிகூட அப்படிக் கூச்சல் போட்டிருக்கமாட்டான்.

இப்படி நான் கொண்டாடும்போதெல்லாம் ஒன்றுமட்டும் உறுத்தும். அதுவரை எங்களோடு உட்கார்ந்திருக்கும் டீச்சரம்மா, "இப்பத்தாங்க, மொத தடவ!" என்று மனைவி சொன்னதும் விருட்டென்று எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விடுவார். ஆண்பிள்ளை இப்படிக் குதிப்பதா என்ற இளக்காரம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸில் நான் பேசாத பேச்சில்லை. ரத்த பாசம், குழந்தை மனத்தின் ஆழம் என்று புத்தகத்தில் இருந்ததையும் இல்லாததையும் சேர்த்து அளந்தேன். பக்கத்து மேஜைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் சார், பல்லுக்கும் காலண்டர் தெரியுமா?" என்று கேட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு ஆறு குழந்தைகள். பொறாமைப்பட அவருக்கு நேரம் ஏது என்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றவர்கள் பட்டணம் திரும்பிய பிறகும் எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே தை மாதம் வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை முதலாளியின் மாமியார் காலமானதால் கம்பெனிக்கு விடுமுறை விட்டார்கள். நான் முகம்கூடப் பார்த்திராத அந்த அம்மாள் எனக்குச் செய்த உபகாரம் அது. திடீரென்று போய் நின்று அவர்களை ஆச்சரியப்படுத்தலாம் என்று காலை ரயிலில் கிளம்பிவிட்டேன்.

வழக்கமாக என்னை ஏற்றிப்போகும் ஜட்கா வண்டிக்காரர் ஸ்டேஷனில் இல்லை. நடந்தேன். வீட்டு வேலியோரம் ஒரு பூவரச மரம். அதை நெருங்கும்போது உள்ளேயிருந்து டீச்சரம்மாவின் குரல் கேட்டது.

"ஏழு... எட்டு... ஒம்போது! அடி என் தங்கமே!"

மரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் இந்தப் பக்கம் என் மனைவி, அந்தப் பக்கம் டீச்சரம்மா. நடுவில் என் பெண், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டிருந்தாள்.

"நேத்து மூணு அடி, இன்னிக்கி ஒம்போது" என்றார் டீச்சரம்மா. "சனிக்கெழமைக்கு இன்னும் மூணு நாள் கெடக்குது. அதுக்குள்ள இவ மலையேறிடுவா. கால கட்டியா போட முடியும்?"

"எறக்கவே மாட்டேன் டீச்சர். இடுப்புலயே வெச்சிக்கினு இருந்துர்றேன்."

"பல்லு வந்தப்போ அஞ்சு நாள் மறைச்சே. எனக்குப் பொய்யி வாயில வராது, அதான் எழுந்து எழுந்து ஓடறேன். அந்த மனுசன் என்னப் பத்தி இன்னா நெனச்சிக்கினு இருக்காரோ!"

"பாவம் டீச்சர் அவரு. ஆறு நாளும் ஓட்டல் சோத்தத் தின்னுக்கினு கெடக்கறாரு. ஆசையா வந்தா இது மூஞ்சப் பாத்து அழுவுது. இதையாவது அவருக்குன்னு வெக்கலாமே."

அந்த மரத்தடியில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. குப்புறக் கவிழ்ந்ததற்காகச் சாப்பிடாமல் படுத்துக்கொண்ட மகானுபாவனுக்கு, ஏழு மாதமாக இரண்டு பெண்கள் சேர்ந்து சனிக்கிழமைகளைத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாலு அடி எடுத்து வைத்தால் என் பெண் நடப்பதை அன்றே, பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் அந்த நாலு அடியை வைத்தால் என் மனைவியின் முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருட வந்தவனைப் போல, வந்த வழியே திரும்பினேன்.

ஸ்டேஷனில் ஜட்காக்காரர் பிடித்துக்கொண்டார். "இன்னா சாமி, புதன்கெழமையில? வீட்டுக்குப் போவலியா?"

"போகவில்லை. நான் வந்ததாகவும் யாரிடமும் சொல்லாதே" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கால் தூசியைப் பார்த்தார், கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். "பாத்துட்டீங்களா?" என்றார்.

"உனக்கும் தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க! பல்லு வந்த சேதி கடைத்தெரு முச்சூடும் தெரியும் சாமி. ஒங்களுக்குத்தான் சனிக்கெழம." பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "போங்க, நான் வாயத் தொறக்கல. இத்தினி நாள் அந்தம்மாவுக்காக மூடிக்கினு இருந்தேன். இப்ப ஒங்களுக்காகவும் மூடிக்கிறேன்" என்றார்.

சனிக்கிழமை ரயிலில் அரக்கோணம் வரும்வரை ஒத்திகை பார்த்தேன். எப்படி வாயைப் பிளப்பது, எந்த இடத்தில் கைதட்டுவது என்றெல்லாம் தயார் செய்துகொண்டேன். வீட்டுக்குப் போனால் மனைவி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள். "இடுப்பு புடிச்சிக்கிச்சு" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, "என்னமோ நிக்கப் பாக்கறா, நீங்க வேணா கூப்ட்டுப் பாருங்களேன்" என்றாள். டீச்சரம்மா முன்கூட்டியே புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தார்.

மூன்று நாள் தரையையே காணாத குழந்தை நடக்க மறுத்துவிட்டது. நின்றது, என்னைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது. மனைவியின் முகம் வாடிவிட்டது. மூன்று நாள் சுமந்தது வீணா? "வாம்மா, அப்பா பாரு, அப்பா பாரு" என்று அவள் கெஞ்சிய குரலை என்னால் கேட்க முடியவில்லை.

வழக்கமாக நான் பாய்ந்துபோய்த் தூக்குவேன், குழந்தை அலறும். அன்று ஒன்றும் செய்யத் தெரியாமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை, கைதட்டவில்லை. புத்தகங்களில் இதற்கு வழி இருந்ததா என்று நினைவில்லை. சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

குழந்தை பிதுக்கிய உதட்டோடு கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஒரு கால் எடுத்து வைத்தது. இன்னொரு கால். ஐந்தாவது அடியில் விழப்போய், என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, என் மீசையைத் தொட்டுப் பார்த்தது. அழவில்லை.

"பாத்தீங்களா! இப்பத்தாங்க, மொத தடவ!" என்றாள் மனைவி.

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பார்த்தவர் மாதிரி, "ஆங். அவுங்கப்பாகிட்ட இவ அழுவாம வந்தது இதான் மொத தடவ. நானே பாத்தேன்" என்றார்.

யுத்தம் முடிந்து, வீட்டைக் காலி செய்து, பட்டணம் வந்தாயிற்று. என் பெண் இப்போது என்னை ஓடவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் புதன்கிழமையைப் பற்றி நான் மனைவியிடம் இதுவரை மூச்சுவிடவில்லை. அன்றைக்குப் பிறகு வீட்டில் எதற்கும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதும் இல்லை. ஏன் இப்படித் திருந்திவிட்டேன் என்று அவள் சில சமயம் சந்தேகமாகப் பார்ப்பாள். என் குழந்தையின் முதல் வருஷத்தில் நான் கண்டது சனி, ஞாயிறுகள் மட்டுமே. மற்ற நாட்களின் சந்தோஷத்தைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் எனக்காக ஒருத்தி அடக்கி வைத்திருந்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், நான் படித்த அத்தனை புத்தகங்களோடும் அந்தப் பூவரச மரத்தின் பின்னால் போய் நின்றுகொள்ளலாம் போலிருக்கிறது.