"உங்களை ஆர் பார்த்தது?"

மூன்று வருடங்களுக்கு முந்திய மாசி மாதம். லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். பிரேசிலின் பழங்குடி ஊர்களுக்கும் கிலொம்போலா ஊர்களுக்கும் தேடிப்போய், அங்குள்ள பிள்ளைகளுக்குப் படிக்க இடம் கொடுக்கும் திட்டம் ஒன்று எங்களிடம் உண்டு. கிலொம்போலா மக்கள் என்றால், அந்தக் காலத்தில் அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடி, காட்டுக்குள் ஊர் அமைத்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். அப்படியொரு ஊரிலிருந்து காணி உரிமைச் சட்டம் படிக்க வந்த பெண் ஒருத்தி என் பொறுப்பில் இருந்தாள்.

கெட்டிக்காரி. ஆனால் குளிர் கூடக்கூட அவள் பேச்சுக் குறைந்தது. தடித்த கோட் வாங்கிக் கொடுத்தோம், மனநல ஆலோசகரிடம் அனுப்பினோம். ஒன்றும் உதவவில்லை. ஒரு நாள் மத்தியானம் என் அறைக்கு வந்து, ஊருக்கே திரும்பிப் போகப்போவதாகச் சொன்னாள். அம்மாவிடம் சொல்லத்தான் பயமாக இருக்கிறதாம். பக்கத்தில் இருக்கச் சொன்னாள்.

வீடியோ அழைப்பில் முகங்கள் நிறைந்துவிட்டன. பிள்ளை பேசப்போகிறாள் என்று கேள்விப்பட்டு ஊரே கூடியிருந்தது. அவள் புறப்பட்ட பிறகு பிறந்த குழந்தையை ஒருத்தி தூக்கிக் காட்டினாள். ஒரே சிரிப்பு. இவள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் சத்தம் அடங்கியது.

அம்மா ஏசவில்லை. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் மொழிபெயர்த்தாள். நான் எந்த ஊர் என்று கேட்கிறாராம். யாழ்ப்பாணம், சண்டைக்குள் தப்பித் தனியாக வந்தேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

"நீங்கள் வந்த புதுசில, அங்கை உங்களை ஆர் பார்த்தது?"

இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வந்த புதிதில் லண்டன் லூயிஷாமில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே ஒரு ஜமைக்காப் பெண்மணி இருந்தார். பொழுதுபட நான் வேலையால் வரும்போதெல்லாம் கதவைத் திறந்து, சாப்பிட்டியா என்று கேட்பார். அதைச் சொன்னேன். மொழிபெயர்த்தவள் அழுதுவிட்டாள்.

"அப்ப என்ரை பிள்ளையை நீங்கள் பாருங்கோ," என்றார் அந்தத் தாய். "அவள் வாறதும் நிக்கிறதும் அவளின்ரை விருப்பம். ஆனா நிக்கும்வரைக்கும் தனிய இருக்கக்கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஈஸ்ட் ஹாமில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் கணவர் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கண்டதும் அவள் கத்தியை வாங்கித் தானே உரிக்கத் தொடங்கினாள். அவள் ஊரிலும் அதுதான் தினச் சாப்பாடு.

"பிள்ளை, இனி ஞாயிறெண்டால் இஞ்சை வந்திடவேணும்," என்றார் அவர், தமிழிலேயே. நான் மொழிபெயர்க்குமுன் அவள் தலையாட்டிவிட்டாள்.

அவள் போகவில்லை. படித்து முடித்துத்தான் போனாள். இப்போது தன் ஊர்க் காணிக்காக வழக்காடுபவர்களோடு நிற்கிறாள்.

அவளுக்கு நாங்கள் கைகொடுத்தோம் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இந்த நகரத்தில் எனக்குள்ளும் கிடந்த ஒரு பழைய தனிமை அவளால் கரைந்துபோனது எனக்கு மட்டும்தான் தெரியும்.